இறந்தவரின் மனநிலையை நீதிமன்றம் கேட்கும்போது

உயில் ஒன்றை எதிர்த்து வழக்குத் தொடரப்படும்போதும், ஒரு மரணம் விபத்தா தற்கொலையா என்று துணிய முடியாமல் விசாரணை தேங்கி நிற்கும்போதும், மனநல மருத்துவரிடம் ஒரு கடினமான கேள்வி வந்து சேர்கிறது: குறிப்பிட்ட அந்த நாளில், அந்த வேளையில், இறந்தவரின் மனநிலை எப்படி இருந்தது? உயிரோடிருப்பவரைப் பரிசோதிக்கும்போது சந்தேகம் வந்தால் மறுநாள் அழைத்து மீண்டும் கேட்கலாம். நாம் தவறாகப் புரிந்துகொண்டதை அவரே திருத்துவார். இங்கே அந்த வாய்ப்பு அறவே இல்லை. எஞ்சியிருப்பவை ஆவணங்களும் பிறருடைய நினைவுகளும்தாம். இவ்விரண்டில், வழக்கு என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவற்றுக்கே நான் முதலிடம் தருகிறேன்.

ஆவணங்களையும் நினைவுகளையும் கொண்டு இறந்தவரின் மனநிலையை ஆராயும் இம்முறைக்கு உளவியல் பிரேதப் பரிசோதனை என்று பெயர். இது 1950களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் உருப்பெற்றது. போதை மருந்து உட்கொண்டு இறந்த சிலருடைய மரணம் எவ்வகையானது என்று உடற்கூறாய்வால் மட்டும் தீர்மானிக்க முடியாத நிலையில், அங்கு மரண விசாரணை அதிகாரியாக இருந்த தியோடர் கர்ஃபி, மனநல வல்லுநர்களான எட்வின் ஷ்னைட்மன், நார்மன் ஃபார்பரோ, ராபர்ட் லிட்மன் ஆகியோரின் உதவியை நாடினார். இயற்கை மரணம், விபத்து, தற்கொலை, கொலை என்ற நான்கனுள் எது என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. உயில் வழக்குகளில் கேள்வி வேறு: கையெழுத்திட்டவருக்குத் தாம் செய்வது இன்னதென்ற தெளிவு இருந்ததா என்பது.

இந்தத் தெளிவைக் குடும்பத்தினர் பெரும்பாலும் நோயின் பெயரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 'அவருக்கு மறதிநோய் இருந்தது, ஆகவே உயில் செல்லாது' என்று ஒரு தரப்பு சொல்லும். 'அவர் மனநல மருந்து எதையும் சாப்பிட்டதே இல்லை, ஆகவே செல்லும்' என்று மறுதரப்பு சொல்லும். இரண்டும் போதாத வாதங்கள். இங்கிலாந்தில் 1870-இல் தீர்ப்பளிக்கப்பட்ட பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கில், உயில் எழுதியவர் முன்பு மனநலக் காப்பகத்தில் இருந்தவர்; இறந்துபோன ஒரு மனிதர் தம்மைத் துரத்தி வருவதாக நம்பியவர். ஆயினும் அந்த நம்பிக்கை சொத்தை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவைத் தீண்டவில்லை என்பதால் உயில் செல்லும் என்றது நீதிமன்றம். உயில் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். சொத்தின் அளவு ஏறத்தாழத் தெரிந்திருக்க வேண்டும். தம்மிடம் எதிர்பார்க்க நியாயம் உள்ளவர்கள் யார் யார் என்பது நினைவில் நிற்க வேண்டும். நோயின் பிடியில் பிறந்த எண்ணம் அந்தப் பங்கீட்டைத் திரித்திருக்கக் கூடாது. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் பல நாடுகளில் இன்றும் இந்த அளவுகோலே எடுத்தாளப்படுகிறது. ஆரம்பகட்ட மறதிநோயுள்ள ஒருவர் இவை அனைத்தையும் நிறைவு செய்யக்கூடும். மனநோயே இல்லாத ஒருவர், கடும் காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிற்பகலில், எதையுமே நிறைவு செய்யாமல் போகக்கூடும்.

அடையாளங்களை மாற்றி ஒரு நேர்வைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனையில் இருந்த முதியவர் ஒருவர், நண்பகலில் பல பக்க உயிலில் கையெழுத்திட்டிருந்தார். அன்று காலை எட்டு மணிக்கு மருத்துவர் எழுதிய குறிப்பு ஒரே வரி: 'நினைவு தெளிவாக உள்ளது, வலி குறைவு.' உயிலை ஆதரித்தவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். முழுக் கோப்பையும் வரவழைத்துப் பார்த்தபோது, அதே நாள் அதிகாலை இரண்டு மணிக்கு இரவுப் பணிச் செவிலியர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: கூரையில் ஆட்கள் நடப்பதாகச் சொல்கிறார், கையில் ஏற்றியிருந்த குழாயைப் பிடுங்க முயன்றார், மகளை அடையாளம் தெரியவில்லை. மருந்து அட்டையில் அதன்பின் கொடுத்த மயக்க மருந்தின் நேரம் பதிவாகியிருந்தது. காலை எடுத்த இரத்தப் பரிசோதனையில் சோடியம் 118; இயல்பு அளவு 135 முதல் 145 வரை. இவ்வளவு குறைந்தால் மனம் குழம்பக்கூடும். டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் ஒரே நாளில் ஏறி இறங்கும் தன்மையுடையது. காலையில் பெயர் சொல்லி விசாரிப்பவர் இரவில் தாம் இருக்கும் இடமே தெரியாமல் திகைப்பார். ஆகவே இரு குறிப்புகளும் உண்மையாக இருக்க முடியும். அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் டெலிரியம் இருந்ததற்கு வலுவான சான்று உண்டு, கையெழுத்திட்ட வேளை தெளிவான இடைவெளியாக இருந்ததைக் காட்டும் பரிசோதனை எதுவும் பதிவாகவில்லை என்று மட்டுமே அறிக்கையில் எழுத முடிந்தது. உயில் செல்லுமா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றமே. அந்தச் செவிலியருக்கு வழக்கைப் பற்றி எதுவும் தெரியாது, யார் பக்கமும் சாய வேண்டிய தேவையும் இல்லை. அவருடைய மூன்று வரிகள் பிற்பாடு எழுதப்பட்ட அத்தனை பிரமாண வாக்குமூலங்களையும்விட எனக்குப் பயன்பட்டதற்கு அதுவே காரணம்.

உறவினர்களின் சாட்சியம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சொத்தில் பங்குள்ளவரின் நினைவு அந்தப் பங்கை ஒட்டிச் சாய்வது மனித இயல்பு. ஆனால் ஆதாயம் எதுவும் இல்லாதவரின் நினைவைக்கூடத் துக்கம் மாற்றி அமைத்துவிடும். தற்கொலை என்று சந்தேகிக்கப்படும் மரணத்துக்குப் பிறகு, இறந்தவரின் கடைசி வாரத்துச் சாதாரணப் பேச்சுகள் எல்லாம் முன்னறிவிப்புகளாகத் தோன்றத் தொடங்கும். சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக, குற்றவுணர்வோ ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அச்சமோ உண்மையான அறிகுறிகளையும் மறைத்துவிடும். அதனால் 'அவர் மனச்சோர்வோடு இருந்தாரா' என்று நான் கேட்பதில்லை. கடைசியாக எப்போது முகம் மழித்தார், இரவில் எத்தனை மணிக்கு எழுந்தார், வழக்கமாகப் பார்க்கும் கணக்கு நோட்டைத் தொட்டாரா, அடுத்த மாதத்துக்கு என்று எதையாவது ஏற்பாடு செய்திருந்தாரா என்று கேட்கிறேன். மரணம் நடந்த மறுநாளே போய் உட்காருவதும் சரியல்ல. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் சரியல்ல. பேசும்போது உடைந்துபோகிறவரை அப்படியே விட்டுவிட்டு வருவது மருத்துவருக்கு அழகல்ல. அவருக்கு வேண்டிய உதவிக்கு வழிகாட்டிவிட்டே எழுந்திருக்க வேண்டும்.

இம்முறை எவ்வளவு தூரம் வழிதவறக்கூடும் என்பதற்கு அமெரிக்கப் போர்க்கப்பல் அயோவாவின் நிகழ்வு போதும். 1989 ஏப்ரலில் அதன் பீரங்கிக் கோபுரம் ஒன்று வெடித்து 47 மாலுமிகள் இறந்தனர். இறந்தவர்களுள் ஒருவரே வேண்டுமென்று வெடிக்க வைத்தார் என்று கடற்படை கருதியது, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தயாரித்த உளவியல் பகுப்பாய்வும் அவ்வாறே சொன்னது. நாடாளுமன்றக் குழுவின் வேண்டுகோளின்படி அதை மறுஆய்வு செய்த 14 வல்லுநர்களில் பெரும்பாலோர், அந்த உறுதியான முடிவுக்குச் சான்று போதாது என்றனர். 1991-இல் கடற்படை தன் குற்றச்சாட்டைக் கைவிட்டு அவருடைய குடும்பத்தினரிடம் வருத்தம் தெரிவித்தது. இறந்தவர் வந்து மறுத்துப் பேச மாட்டார் என்பதால், அவரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரான சான்றை நாமே தேடிப் பார்த்தாக வேண்டும். 'முடிவு கூறப் போதிய ஆதாரம் இல்லை' என்பதும் ஒரு முழுமையான கருத்தே. வழக்கறிஞர்களுக்கு அது பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இத்தகைய வழக்கைச் சந்திக்க நேரும் குடும்பத்தினர், எதையும் தாங்களே தரம் பிரித்துக் கழிக்காமல் இருப்பது நல்லது. மருந்துச் சீட்டுகள், மீதமிருக்கும் மாத்திரை அட்டைகள், மருத்துவமனைக் கோப்பு முழுவதும், கைப்பட எழுதிய துண்டுக் காகிதங்கள், கைபேசி ஆகிய எல்லாம் அப்படியே இருக்கட்டும். கைபேசியில் உள்ளவற்றை அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. துக்கத்தில் செய்ததாகவே இருந்தாலும் பிறகு அது மறைத்ததாகத்தான் பார்க்கப்படும்.

முதியவரோ நோயுற்றவரோ உயில் எழுத விரும்பினால், கையெழுத்திடும் அன்றே, பயன்பெறப் போகிறவர்கள் அறையில் இல்லாத நேரத்தில், ஒரு மருத்துவர் அவரைப் பரிசோதித்துக் குறிப்பெழுதுவது பின்னாளைய பல சச்சரவுகளைத் தவிர்க்கும். 'சுயநினைவோடு உள்ளார்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழால் அதிகப் பயனில்லை. என்னென்ன சொத்து இருக்கிறது, யாருக்கு எவ்வளவு, ஒருவருக்குக் குறைத்திருந்தால் ஏன் என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை அவருடைய சொற்களிலேயே பதிய வேண்டும். காணொளி எடுப்பதானாலும் இதே முறைதான் பொருந்தும். என்னிடம் கொண்டுவரப்படும் பதிவுகளில் பெரும்பாலும் 'அப்பா, உங்களுக்குச் சம்மதம்தானே?' என்று மகன் கேட்கிறார், தந்தை தலையசைக்கிறார். அதைக் கொண்டு அவருக்குக் காது கேட்டது என்பதற்கு மேல் எதையும் என்னால் சொல்ல முடிவதில்லை.