பகுதி சபாவுக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு

கிராமத்துக்குக் கிராம சபை என்றால் நகரத்துக்குப் பகுதி சபா. இதற்கான விதிகள் 2022-ல் வந்தன. வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடி, தெருவிளக்கு எங்கே வேண்டும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று சொல்லலாம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லா ஊருக்கும் இது பொருந்தும்.

‘வாக்காளர்கள்’ என்ற இடத்தில்தான் இளைஞர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை எழுந்து பேசினால் கைதட்டுவார்கள், போட்டோகூட எடுப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பேச்சு ஏறாது. இருபது வயதானாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் இதே கதைதான். பதினேழு முடிந்தவர்கள் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ இப்போதே கொடுத்து வைக்கலாம். ஜனவரி 1 மட்டுமல்ல, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் பதினெட்டு நிறைந்தாலும் பெயர் சேரும். “ஜனவரிக்கு அப்புறம் வா” என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். சென்னையில் வேலை பார்த்தபோது பெயரை அங்கே மாற்றி, இப்போது ஊரோடு வந்துவிட்டவர்கள் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்க வேண்டும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பக்கமெல்லாம் அதில் சேர்ந்தது. உங்கள் தெரு எந்த வார்டு, எந்தப் பகுதி என்று கூட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். தெரியாமல் போனால் வாசலிலேயே வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது அலைக்கழிப்பு. ஊருணியைத் தூர்வாரி, சுற்றி நடைபாதை போடச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். “அது எங்களுடையது இல்லை, தாலுகா ஆபீஸில் கேளுங்க” என்பார்கள். அங்கே போனால் கோயில் இடம் என்பார்கள். ஆளாளுக்குக் கைகாட்டுவதற்கு ஊருணியைவிட வசதியான விஷயம் கிடையாது. அதனால் சர்வே எண்ணை வைத்து, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டு நகலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கும். இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ரோடு விஷயத்திலும் அப்படித்தான்: நெடுஞ்சாலைத் துறை ரோடா, உள்ளாட்சி ரோடா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். “சீல் போடுற ஆள் லீவு” என்றால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மான நகலையும் வருகைப் பதிவேட்டு நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் முதல் மேல்முறையீடு. நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்து இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பதினெட்டு ஆகாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஊருக்கான முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது, 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் ஆட்சேபமோ ஆலோசனையோ எழுதிக் கொடுக்கலாம். வாக்காளர் அட்டை கேட்க அங்கே இடமில்லை. குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு பேப்பரில் பொடி எழுத்தில் வரும், வீட்டுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். “திட்டம் சரியில்லை” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஓரங்கட்டிவிடுவார்கள். தெருப் பெயர், சர்வே எண், என்ன மாற வேண்டும் என்று மூன்றையும் எழுதுங்கள்.