பீங்கானா, சீனக் களிமண் பாத்திரமா?

அருங்காட்சியகக் குறிப்பு ஒன்றின் தமிழாக்கத்தில், ஜெர்மனியின் மைசன் நகரில் 1710-இல் ‘சீனக் களிமண் பாத்திர’ ஆலை தொடங்கப்பட்டதாக அண்மையில் படித்தேன். இந்தப் பெயர்ப்பைப் பல இடங்களில் கண்டும் பேசாமல் இருந்த எனக்கு, மைசனுக்கே அதைச் சூட்டியிருப்பதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. படிப்பவர் சீனத்து மண் கப்பலேறி ஜெர்மனிக்கு வந்ததாகத்தானே எண்ணுவார்? அந்த ஆலைக்கு வழிவகுத்த யோஹான் ஃபிரெட்ரிக் பெட்கரின் சாதனையோ, மைசன் அமைந்த சாக்சனிப் பகுதியில் கிடைத்த மண்ணைக் கொண்டே பீங்கானைச் செய்துகாட்டியதில் இருக்கிறது.

பீங்கான் என்பது கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் போர்சலின், சோழியைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. சோழி போன்ற வழவழப்பே பெயருக்குக் காரணம்.

பீங்கான் வேற்றுமொழிச் சொல் என்பதால் அதை விலக்கி, ‘சீனக் களிமண் பாத்திரம்’ என்று தூய தமிழில் சொல்ல வேண்டும் என்பவர்களின் மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் சீனக் களிமண் என்பது கயோலின் என்னும் வெண்மண்ணுக்கு நாம் ஏற்கெனவே வழங்கும் பெயர். மூலப்பொருளின் பெயரைச் செய்பொருளுக்கும் வைத்தால், இரண்டையும் பற்றி எழுத நேரும்போது எதை வைத்துப் பிரிப்பது? அந்த மண் மட்டும் பீங்கான் ஆகிவிடுவதும் இல்லை. சீனாவின் பீங்கான் நகரான ஜிங்டெஜென்னின் சூளைகளைப் பற்றி 1712-இல் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தான்ட்ரகோல், கயோலினோடு பெதுன்சே என்னும் கல்மாவும் சேர வேண்டும் என்று விளக்குகிறார். கல்மாவை மட்டும் வாங்கிப்போய்த் தோற்ற ஐரோப்பியரைப் பற்றி, எலும்பில்லாமல் சதை மட்டும் நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள் எனச் சீன வணிகர் ஒருவர் சொன்னதையும் பதிவுசெய்கிறார். எலும்பு கயோலின், சதை பெதுன்சே. இரண்டும் ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றாய் இறுகினால்தான் பீங்கான். மெல்லிய கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரலின் நிழல் தெரியும். சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். இத்தனையையும் களிமண் என்ற ஒரு சொல்லுக்குள் அடைப்பது தூய்மை ஆகாது, பிழையே ஆகும்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் கலங்களைப் ‘போலிப் பீங்கான்’ என்று எழுதுவது அடுத்த குறை. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனத்து நீல வெள்ளைக் கலங்களைக் கொண்டுவந்து குவித்தது. அவற்றைப் பார்த்து டெல்ஃப்ட் குயவர்கள் சாதாரண மண்கலத்தின்மேல் வெள்ளீயம் கலந்த வெண்பூச்சைப் பூசி, கோபால்ட் நீலத்தில் சித்திரம் வரைந்தார்கள். விளிம்பு உடைந்த டெல்ஃப்ட் தட்டில், வெள்ளைப் பூச்சுக்குக் கீழே பழுப்பேறிய மண் அப்படியே தெரியும். அது பீங்கானே அன்று. போலி என்றால் ஏமாற்று என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. பிறரின் அழகைக் கண்டு தம் மண்ணில் முயன்றவர்களுக்கு அந்தப் பழி வேண்டாம்; ‘வெள்ளீயப் பூச்சு மண்கலம்’ என்று எழுதலாம். மைசனுக்குப் பீங்கான் என்ற சொல்லே போதும். சீனாவில் செய்ததைச் சுட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘சீனப் பீங்கான்’ என்க.