கார் ரேடியோவுக்காகச் செய்த பாட்டு

வெறும் இரும்புச் சட்டமாக உள்ளே போகும் கார், மறுமுனையில் மெருகேறி வெளியே வரும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரின் கார் ஆலையில் வேலை பார்த்த பெர்ரி கார்டிக்கு இது அன்றாடக் காட்சி. 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது, பாட்டையும் அப்படியே செய்ய முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் தரப் பரிசோதனைக் கூட்டம் நடக்கும். கையில் மிச்சமிருப்பது ஒரே டாலர், பசி வேறு. வாங்குவது இந்த இசைத்தட்டா, சாண்ட்விச்சா? கேள்வி அவ்வளவுதான். கலை என்ற பேச்சே இல்லை.

வாடிக்கையாளர் பாட்டுக் கேட்பது காரில். ஆகவே பதிவான பாட்டைச் சின்ன ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். இங்கேதான் சிக்கல். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு மெதுவான அதிர்வுக்கு வேண்டிய காற்றைத் தள்ள உள்ளங்கை அகல ஒலிபெருக்கியால் ஆகாது. ஆனாலும் அந்தச் சுரம் நமக்குக் கேட்கிறது!

தந்தி 41-இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. இந்த மேற்சுரங்கள் சின்ன ஒலிபெருக்கியிலும் ஓரளவு தப்பிப் பிழைத்து வரும். அவற்றின் சீரான இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, வராத அடிச்சுரத்தை மூளை தானே இட்டு நிரப்புகிறது. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது உங்கள் மூளையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மோட்டவுனில் அந்தத் தந்தியை மீட்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். சக கலைஞர்கள் அதற்குக் 'கொக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தந்திகளை லேசில் மாற்றமாட்டார். அழுக்கேறிய தந்தியில் உச்ச மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். மிஞ்சுவது கனமான, மழுங்கிய ஒரு துடிப்பு. அதன் மேல் அவர் எதிர்பாராத இடங்களில் சுரம் தள்ளி, தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து வாசித்தார். ஆலையின் வரைபடத்தில் இது கிடையாது. என்னைக் கேட்டால், சரக்கு கலையானது இந்த ஒற்றை விரலில்தான்.

கார் வாங்கியவருக்குச் சக்கரம் பூட்டியவரின் பெயர் தெரியாது. இசைத்தட்டு வாங்கியவருக்கும் அப்படித்தான். மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் ஜேமர்சன் போன்ற வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் முதன்முதலாக உறையில் அச்சாயின.