தருமபுரியில் கண்ணாடியைக் கழற்றவே கூடாத கிரகணம்

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. ஸ்பெயினின் தென்பகுதி, மொராக்கோ, எகிப்து, சவுதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாக நிலவின் நிழல் ஓடப்போகிறது. எகிப்தின் லக்சோர் பக்கம் சூரியன் 6 நிமிடத்துக்கு மேல் முழுதாக மறைந்திருக்கும். அதே கிரகணம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாலை வெயிலில் பகுதி கிரகணமாகத் தெரியும். மேகம் வழிவிட்டால், சூரியனின் ஒரு ஓரம் மட்டும் குறைந்திருப்பதைப் பார்க்கலாம். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும். அன்று ஆடி மாத அமாவாசை, ஆடிப்பெருக்கும் ஒட்டியே வருகிறது. ஒகேனக்கல்லில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

ஒரு குழப்பம் இப்போதே கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சமயத்தில் வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய வரும். அவற்றில் "முழுதாக மறைந்ததும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்" என்பார்கள். லக்சோரில் நிற்பவருக்கு அது சரியான யோசனைதான். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ நிற்பவருக்கு அப்படி ஒரு நொடிகூட வராது. இங்கே முதலிலிருந்து கடைசிவரை கண்ணாடி கண்ணிலேயே இருக்க வேண்டும்.

பாதி மறைந்த சூரியன் பாதி ஆபத்துதானே என்று தோன்றும். அப்படி இல்லை. சூரியனை மறைப்பது என்பது அதன் பரப்பைக் குறைப்பது மட்டுமே. மிச்சம் தெரியும் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் பழைய பிரகாசத்தோடுதான் எரிகிறது. கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை முக்கால்வாசி மண்ணில் புதைத்தாலும், வெளியே நீட்டியிருக்கும் நுனியைத் தொட்டால் அதே சூடுதான்.

கண்ணுக்குள் நடப்பதும் இதுவே. நம் கண்ணின் லென்ஸ் சூரியனை விழித்திரையில் சுமார் 0.15 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன வட்டமாகக் குவிக்கிறது. நாம் நேராகப் பார்க்கும்போது அது விழுகிற இடம், எழுத்துப் படிக்கவும் முகம் அடையாளம் காணவும் நாம் நம்பியிருக்கும் மையப்புள்ளி. கிரகணத்தில் அந்த வட்டம் பிறையாகிறது, அவ்வளவுதான். பிறை விழும் இடத்தில் தாக்கும் ஒளியின் செறிவு குறைவதில்லை. கெடுதலைச் செய்வதில் பெரும் பங்கு ஒளியின் நீல நிறப் பகுதிக்கு. விழித்திரை செல்களில் வேண்டாத ரசாயன மாற்றங்களை அது தூண்டுகிறது. வெப்பமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் கிடையாது என்பதால் பார்க்கிறவருக்கு எதுவுமே உறைக்காது.

கிரகணத்தன்று சூரியனிலிருந்து விஷக்கதிர் எதுவும் புதிதாகக் கிளம்புவதில்லை. மற்ற நாளில் நம்மைக் காப்பாற்றுவது கூச்சம். சூரியனைப் பார்த்ததும் இமை மூடிக்கொள்ளும், தலை தானாகத் திரும்பும். கிரகணத்தில் வெளிச்சம் மங்க மங்க அந்தக் கூச்சம் குறைகிறது. கண்ணின் பாவையும், அதாவது ஒளி உள்ளே நுழையும் கறுப்பு ஓட்டையும், விரிகிறது. 2 மில்லிமீட்டர் பாவை 4 ஆனால் உள்ளே போகும் ஒளி 4 மடங்கு. சூரியன் மாறவில்லை, நம் காவல்தான் தளர்கிறது.

2019 டிசம்பர் 26 காலையை இந்தப் பக்கத்துக்காரர்கள் நினைத்துப் பார்க்கலாம். அன்றைய வளைய கிரகணம் (நிலவைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரிவது) கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகப் போனது. இங்கே ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சூரியன் மறைந்தது. ஆனாலும் இருட்டவில்லை, வெயில் வெளுத்தது போல் இருந்ததோடு சரி. மிஞ்சிய அந்த ஒரு பங்கே டியூப்லைட் போட்ட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம்.

சரி, எதன் வழியாகப் பார்ப்பது? ஓசூர் சிப்காட், அதைச் சுற்றிய பட்டறைகள் எல்லாம் இருக்கும் பகுதி இது. "வெல்டிங் கண்ணாடி இருக்கே" என்ற பதில் உடனே வரும். அது பாதி சரி. வெல்டிங் கண்ணாடிக்கு ஷேடு எண் உண்டு, எண் கூடக் கூட இருட்டும் கூடும். சூரியனுக்கு 14-ஆம் எண் வேண்டும். பட்டறையில் அன்றாடம் கையில் இருப்பது பெரும்பாலும் 10 அல்லது 11. எண்ணில் வித்தியாசம் நாலுதான், ஆனால் 10-ஆம் எண் விடும் ஒளி 14 விடுவதைப் போல் சுமார் 50 மடங்கு. கண்ணாடியின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். எண் தெரியாத கண்ணாடி என்றால் வைத்துவிடுங்கள். இரண்டு 10-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் போட வேண்டாம். ஒரு 14 வாங்குவது சுலபம்.

கிரகணத்துக்கென்றே விற்கும் அட்டைக் கண்ணாடிக்கு ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி உள்ளே வரும் ஒளி அதிகபட்சம் 0.0032 சதவீதம், அதாவது சுமார் 31,000-இல் ஒரு பங்கு. இந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், தெரிந்த இடத்தில் வாங்குவது நல்லது. வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள், எதுவுமே தெரியக் கூடாது. டியூப்லைட் பளிச்சென்று தெரிந்தால் அது குப்பை. 2019-இல் வாங்கியது பீரோவில் மடங்கிக் கிடந்தால், கீறலோ ஓட்டையோ விழுந்திருக்கிறதா என்று பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போடும்போது தரையைப் பார்த்துப் போட்டு அப்புறம் நிமிர வேண்டும். கழற்றும்போது முதலில் முகத்தைத் திருப்ப வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும். அவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பதில் கில்லாடிகள்.

கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், கரி பிடித்த கண்ணாடி, சிடி எல்லாம் உதவாது. கண்ணுக்கு இருட்டாகத் தெரிவது, கண்ணுக்குத் தெரியாமல் வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

அண்டாவில் சாணி கரைத்த தண்ணீரை வைத்து அதில் சூரியனைப் பார்க்கும் பழக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். அண்டாவின் அடி பளபளப்பதைச் சாணி தடுக்கும், மேற்பரப்பு பிரதிபலிப்பதைத் தடுக்காது. சூரியன் உச்சியில் இருக்கும்போது தண்ணீர் திருப்பி அனுப்புவது சுமார் 2 சதவீதம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன 0.0032-உடன் வைத்துப் பாருங்கள், 600 மடங்குக்கு மேல். சூரியன் சாயச் சாயப் பிரதிபலிப்பு இன்னும் கூடும், 2027-இல் நமக்குக் கிடைப்பதோ சாயும் சூரியன். பெரியவர்கள் நேராகப் பார்ப்பதைத் தவிர்க்க நினைத்தார்கள், அந்த நினைப்பு நல்லது. வழிதான் போதாது.

சூரியனைப் பார்க்காமலே கிரகணம் பார்க்கும் வழிதான் எனக்குப் பிடித்தது. சின்ன ஓட்டை வழியாக வரும் வெயில் தரையில் போடும் வட்டம், ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். ஓட்டையிலிருந்து 1 மீட்டர் தள்ளி விழும் படம் சுமார் 9 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், 4 மீட்டர் என்றால் மூன்றரை சென்டிமீட்டர். ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடம் இருந்தால் செலவே இல்லை. பூரி அரிக்கும் ஜல்லிக்கரண்டியை வெயிலில் பிடித்தால் நிழலுக்குள் ஓட்டைக்கு ஒன்றாகக் குறைச்சூரியன்கள் விழும். அந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்க்கக் கூடாது, முதுகை வெயிலுக்குக் காட்டித் தரையைப் பார்க்க வேண்டும். மரநிழலும் இதையே செய்யும். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் இலை அடர்த்தியாக இருப்பதால் படங்கள் அங்கொன்று இங்கொன்றாக விழும். பொடி இலை கொண்ட புளியமரத்தடியில் நிறைய விழும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பும்.

பள்ளிக்கு ஏற்றது கண்ணாடித் துண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் 5 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் விட்டு வெயிலில் வையுங்கள். பிரதிபலிப்பை 10 மீட்டர் தள்ளி, இருட்டான வகுப்பறைச் சுவரில் விழ வைத்தால் 9 சென்டிமீட்டர் அகலச் சூரியன் கிடைக்கும். ஒரே நேரத்தில் வகுப்பே பார்க்கலாம். ஒளி வரும் பாதையில் யாரும் கண்ணை வைக்காமல் ஆசிரியர் பார்த்துக்கொண்டால் போதும்.

பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால், குவிந்து வரும் வெப்பம் பிலிமையே ஓட்டை போட்டுவிடும். சோலார் ஃபில்டர் பைனாகுலரின் முன்பக்கம், சூரியனைப் பார்த்த பக்கம் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு 2031 மே 21 அன்றும் ஒரு கிரகணம், பகல் உச்சியை ஒட்டி. கேரளம், மதுரைப் பக்கம் வளையமாகத் தெரியும், நமக்குப் பகுதியாக. நிலவு தூரத்தில் இருப்பதால் முழுதாக மூடாது என்பதால், மதுரைக்காரர்களும் அன்று கண்ணாடியைக் கழற்ற முடியாது. கழற்றத்தான் ஆசை என்றால் 2034 மார்ச் 20 அன்று லடாக் பக்கம் போக வேண்டும். அங்கே முழு கிரகணம். கண்ணாடி வழியாக எதுவுமே தெரியாமல் போன பிறகு கழற்றலாம், அப்போது சூரியனைச் சுற்றித் தெரியும் கரோனா என்ற ஒளிவட்டம் முழுநிலவு அளவுக்குத்தான் ஒளிரும். ஓரத்தில் முதல் பொட்டு வெளிச்சம் எட்டிப் பார்த்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

யாராவது தவறிப் பார்த்துவிட்டால் அறிகுறி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ, பார்வையின் நடுவில் ஒரு மங்கல் புள்ளி, நேர்கோடு வளைந்து தெரிவது, நிறம் வெளுப்பது என்று வரும். ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டர் எழுத்தைப் படித்துப் பார்த்தால் பிடிபடும். கண் மருத்துவர் ஓசிடி என்ற, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேன் எடுத்து விழித்திரையின் மையத்தைப் பார்ப்பார். இதைச் சரிசெய்ய உறுதியான மருந்து கிடையாது. பலருக்குச் சில மாதங்களில் பார்வை தேறுகிறது, சிலருக்கு அந்தப் புள்ளி நின்றுவிடுகிறது.