கத்தாவுக்கு நிழல் ஏது?

மாவட்ட அளவில் கராத்தேப் போட்டி நடந்தால் மறுநாள் செய்தியில் ‘கட்டா எனப்படும் நிழல் சண்டைப் பிரிவில் முதலிடம்’ என்று ஒரு வரி வந்துவிடும். பயிற்சிக்கூட நோட்டீசிலும் அதே நிழல் சண்டைதான். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் தலைகீழ். கட்டா, சரியாகச் சொன்னால் கத்தா, என்பது முன்பே வகுத்த அசைவுகளை ஒருவர் தனியாக, வரிசை மாறாமல் செய்யும் கராத்தேப் பயிற்சி.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடலாம். ஜப்பானியத்தில் கத்தாவை இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். ஒன்றுக்கு உருவம் என்று பொருள். மற்றதன் அடியில் மண்ணைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். அதற்குப் பொருள் வார்ப்பு அச்சு. துணிக்குச் சாயம் ஏற்ற வெட்டிய காகித அச்சு அங்கே ‘கத்தாகாமி’. ‘நோ’ எனும் ஜப்பானிய மரபு நாடகத்திலும் தேநீர்ச் சடங்கிலும் வழிவழியாக வரும் அசைவுமுறைக்கும் கத்தா என்றே பெயர். நம் அச்சுவெல்லத்திலும் முறுக்கு அச்சிலும் இருக்கும் அச்சுதான் இது. எழுதும்போது ‘கட்டா’ வேண்டாம், அது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தது. ‘கதா’ என்று எழுதினால் தகரம் மெலிந்து கதாகாலட்சேபமோ கதாயுதமோ ஆகிவிடும். ‘கத்தா’ என்பதே மூல ஒலிக்குக் கிட்டே நிற்கிறது.

இனி நிழலுக்கு வருவோம். அது குத்துச்சண்டைக்காரர்களின் சொல். எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வீரர் சுவர் முன்னே ஆடுவார். அடுத்தது இடக்கைக் குத்தா, விலகலா என்பதை அந்த நொடியில் அவரே முடிவு செய்வார். மூன்று சுற்று ஆடினால் மூன்றும் மூன்று விதம். அப்படி இருந்தால்தான் அதில் பயன். கத்தாவில் செய்பவர் முடிவு செய்ய ஒரு அசைவுகூட இல்லை. ஷோட்டோகான் என்னும் கராத்தே மரபில் பெரும்பாலும் முதலில் கற்பிக்கும் கத்தா ஹெய்யான் ஷோதான். அதில் எண்ணிக்கை 21. ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் கியாய் முழக்கம். பத்தாவதில் கத்தினால் அது புதுமை ஆகாது, பிழை. எண்ணிக்கை, திசை, நிலை, பார்வை, மூச்சு எல்லாம் முன்பே வார்த்து வைத்தவை. தானாக ஆடுவதைக் குறிக்கும் சொல்லை, தானாக எதையும் ஆடக்கூடாத ஒன்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இது வெறும் சொற்சண்டை இல்லை, உடம்பில் தெரியும். ஹெய்யான் ஷோதானின் முதல் நான்கு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று: தலை இடப்பக்கம் திரும்புகிறது, இடது முஷ்டி வலது காதருகே போகிறது, இடக்கால் முன்வைத்துக் கீழ்நோக்கி வீச்சு. அதே கணத்தில் வலது முஷ்டி இடுப்புக்கு இழுபட வேண்டும். இரண்டு: வலக்கால் முன்னேறி நெஞ்சு மட்டத்தில் குத்து. மூன்று: வலக்காலை எடுத்து வலப்பக்கமாக அரைவட்டம் திரும்பி, மீண்டும் கீழ்வீச்சு. புதியவர்கள் விழுவது இங்கேதான். திரும்பும்போது பாதத்தை ஒரு தோள் அகலம் பக்கவாட்டில் கொண்டுபோகாவிட்டால் இரு பாதங்களும் ஒரே கோட்டில் நின்றுவிடும். கயிற்றின் மேல் நிற்பதுபோல் உடம்பு ஆடும். நான்கு: முன்னே இருக்கும் வலக்காலைப் பாதி தூரம் பின்னுக்கு இழுத்து, முஷ்டியைத் தலைப்பக்கமாகச் சுழற்றி, அதன் அடிப்பக்கத்தால் மேலிருந்து கீழே அடி.

எதிரியைக் கற்பனை செய்துகொண்டு ஆடும் மாணவரிடம் கேளுங்கள்: எதிரி முன்னே நிற்கும்போது கால் ஏன் பின்னே வருகிறது? பதில் வராது. கீழ்வீச்சுக்கு நீட்டிய மணிக்கட்டை எதிராளி பிடித்துவிட்டான். உடம்பின் எடையைப் பின்னுக்கு இழுத்துப் பிடியை உருவி, அதே சுழற்சியில் திருப்பி அடிக்கிறார் என்பது வழக்கமாகச் சொல்லும் பதில். இப்படிப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குப் ‘புன்காய்’ என்று தனிப்பெயர் உண்டு. பிரிப்பு என்றே அதற்குப் பொருள். அதைச் செய்ய எதிரே ரத்தமும் சதையுமாக ஒரு கூட்டாளி வேண்டும், நிழல் போதாது. இன்னொன்று: கத்தாவில் திரும்பும் ஒவ்வொரு திசையிலும் புது எதிரி ஒருவன் காத்திருப்பதாக நினைப்பதும் இந்த மொழிபெயர்ப்பு கொடுத்த மயக்கம்தான். பல திருப்பங்கள், கையில் பிடித்த அதே ஆளைச் சுழற்றித் தள்ளுவதற்கானவை.

அச்சு என்று புரிந்துகொண்டால் பிழையைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஹெய்யான் ஷோதான் தொடங்கிய புள்ளியிலேயே முடிய வேண்டும். மூன்று மேல்தடுப்பில் முன்னே போன தூரத்தை மூன்று குத்தில் திரும்பிக் கடக்கிறோம். முடிவில் தொடங்கிய புள்ளிக்குப் பின்னே நின்றால் குத்தும்போது காலடி நீண்டுவிட்டது. முன்னே நின்றால் குறுகிவிட்டது. கடைசி நான்கும் வெட்டுக்கைத் தடுப்பு. எடையில் 70 விழுக்காடு பின்காலில் நிற்க வேண்டும். ஆனால் ‘எதிரியை நினைத்து வேகமாக ஆடு’ என்று பழகியவர் முன்னே சாய்ந்து எடையைப் பாதிப்பாதி ஆக்கிவிடுகிறார். வேகம் வந்துவிடுகிறது, நிலை போய்விடுகிறது.

கராத்தேயை ஓகினாவாத் தீவிலிருந்து 1922இல் தோக்கியோவுக்குக் கொண்டுபோய்க் காட்டிய ஃபுனாகோஷி கிச்சின், தம் இருபது நெறிகளில் இதற்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறார்: கத்தாவைப் பிசகாமல் செய், நிஜச் சண்டை வேறு. கத்தாவையும் சண்டையையும் அவரே இரண்டாகப் பிரித்து வைத்த பிறகு, இரண்டையும் ஒட்ட வைக்க நமக்கென்ன அவசரம்? கராத்தேயில் முதல் அடி நம்முடையது அல்ல என்பதும் அதே இருபதில் ஒன்று. ஹெய்யான் என்ற பெயரில் வரும் ஐந்து கத்தாக்களும் தடுப்பில்தான் தொடங்குகின்றன. பெயருக்கே அமைதி என்றுதான் பொருள். ‘சண்டை’ எங்கிருந்து வந்தது?

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வடிவம்’ என்கிறார்கள் சிலர். அது ஆங்கிலத்தின் வழியாக வந்த சோகை பிடித்த சொல், அசைவையும் சொல்லாது, முறையையும் சொல்லாது. ‘வரிசை’ நல்ல சொல். குத்துவரிசை நம்மிடம் உண்டு. சங்கீதத்தில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கத்தா செய்யும் வேலையையே குரலுக்குச் செய்கின்றன: மாறாத அடைவில் பாடிப்பாடிச் சுருதியையும் தாளத்தையும் உடம்பில் வார்ப்பது. சரளி வரிசையை யாரும் நிழல் கச்சேரி என்று சொல்வதில்லை. ஆனால் குத்துவரிசை ஏற்கெனவே ஒரு தனிக்கலையின் பெயர். ‘கைவரிசை’ என்று வைத்தால் செய்தித்தாள் வாசகர் பூட்டை உடைத்த கதையைத் தேடுவார்.

மீதி இருப்பது அடவு. சிலம்பத்திலும் தெருக்கூத்திலும் பரதத்திலும் புழங்கும் சொல். அடைவு என்பதே அடவு ஆனது என்பார்கள். உரையாசிரியர்கள் ‘அடைவே’ என்று எழுதினால் முறைப்படி என்று பொருள். தனியாக ‘அடவு’ என்றால் கத்தா ஆகாது, அது ஒற்றை அசைவு. கராத்தேயில் கிஹோன் எனப்படும் அடிப்படைப் பயிற்சிக்குத்தான் அது பொருந்தும். அடவுகளை மாறாத முறையில் கோத்தது அடவு வரிசை. கத்தாவுக்கு என் கை அதற்குத்தான் போகும். பரதத்தை நினைவூட்டுகிறதே என்பவர்களுக்கு: நினைவூட்டட்டுமே. இரண்டிலும் அரைமண்டி சரியாக உட்காராதவர் முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொள்வார்.

இந்தக் கோளாறு கத்தாவோடு நிற்கவில்லை. ‘உக்கே’யை எல்லோரும் ‘தடுப்பு’ என்கிறார்கள். வேறு வழியில்லாமல் மேலே நானும் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லின் வேர் ‘உக்கேரு’, பெறுதல், ஏற்றல். வரும் கையை மதில்போல் மறிப்பதில்லை, ஏற்று வழிமாற்றி விடுகிறது. ஆங்கிலக்காரர் மறிப்பு என்று பெயர்த்தார், நாம் அவரைப் பெயர்த்தோம். விளைவு, பிள்ளைகள் முன்கையால் முன்கையை மோதி எலும்பு வீங்கி வீட்டுக்குப் போகிறார்கள். ‘மேல் ஏற்பு’, ‘கீழ் ஏற்பு’ என்று அடுத்த வகுப்பில் சொல்லிப் பார்க்கலாம்.