மிக்ஸ் அப்: கலந்துவிட்டதா, குழம்பிவிட்டதா, மாறிவிட்டதா?

'ரெண்டு பேரையும் மிக்ஸ் அப் பண்ணிட்டேன்' என்று பேச்சில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். அதையே எழுத்தில் தமிழாக்குகிறேன் பேர்வழி என்று 'இருவரையும் கலந்துவிட்டேன்' என்று எழுதினால், படிப்பவருக்கு மிக்ஸி ஜாடிதான் ஞாபகம் வரும்.

வெறும் 'மிக்ஸ்' என்றால் கலத்தல். 'அப்' சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது, இல்லாவிட்டால் வரிசையைக் கலைத்துப்போடுவது. ஆங்கிலத்தில் எழுதும்போது 'தெம்', 'இட்' மாதிரிச் சொற்கள் நடுவில்தான் வரும்: 'மிக்ஸ் தெம் அப்' சரி, 'மிக்ஸ் அப் தெம்' தப்பு. பெயர்ச்சொல்லாக்கினால் இடையில் சிறுகோடு போட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, இந்தச் சொல்லே ஒரு குழப்பத்தில் பிறந்தது. லத்தீனில் 'மிஸ்கேரே' என்றால் கலத்தல், 'மிக்ஸ்துஸ்' என்றால் கலந்தது. அது பிரெஞ்சு வழியாக 'மிக்ஸ்ட்' என்று ஆங்கிலத்துக்குள் வர, கடைசி 'ட்' இறந்தகால விகுதி என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டார்கள். மிச்சம் நின்றதுதான் 'மிக்ஸ்'. வடமொழி 'மிச்ர'வும் இதற்குத் தூரத்து உறவு, மூன்றும் நான்கும் கலந்து ஏழாகும் மிச்ர சாபு தாளத்தில் இருப்பது அதுதான்.

சரி, தமிழில் என்ன? நமக்கு 'அப்' தேவையே இல்லை, கலப்பதிலிருந்து குழம்புவதற்கு நம் வினைகளே போய்விடுகின்றன. குழம்பு, குழப்பு, கலங்கு, கலக்கு: மெல்லின எழுத்து இருந்தால் தானாக நடப்பது, அது வல்லினமானால் நாம் செய்வது. ('கலக்கிட்டே மச்சி' வேறு கதை.) 'கல' மட்டும் இந்தக் குழப்பத்தில் சேராமல் தெளிவாக நிற்கிறது. குறள் 1121-இல் 'பாலொடு தேன்கலந் தற்றே' என்று இனிப்பாகத்தான் வருகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது 'மாறு'தான். கோயில் வாசலில் செருப்பு மாறிப்போச்சு, கல்யாண மண்டபத்தில் பை மாறிப்போச்சு என்கிறோமே, மிக்ஸ் அப்புக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. எழுத்தில் 'பெயர்கள் மாறிவிட்டன', 'அண்ணனைத் தம்பி என்று நினைத்துவிட்டேன்' என்று போட்டால் போதும். அப்புறம், இதற்குப் போய் 'ஆள் மாறாட்டம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போய்ப் பரீட்சை எழுதுவது மாதிரியான மோசடி, போலீஸ் வரும்.