நான்கு இன்ஜின் விமானங்கள் ஏன் ஓய்வு பெறுகின்றன?

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பாரிஸில் இருக்கும் பெரியப்பா முன்பெல்லாம் நாலு இன்ஜின் விமானத்தில் வருவார். இப்போது வருவதெல்லாம் இரண்டு இன்ஜின்தான். கடல் மேலே ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும்?”

பிரான்ஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரியில் இந்தக் கவலை பலருக்கும் இருக்கும். ஏர் பிரான்ஸ் 2016இல் நான்கு இன்ஜின் கொண்ட போயிங் 747ஐ நிறுத்தியது; 2020இல் அதே வகை ஏர்பஸ் ஏ340, ஏ380 இரண்டையும் நிறுத்தியது. ஏர் இந்தியாவின் கடைசி 747களில் ஒன்று 2024 ஏப்ரலில் விற்கப்பட்டு மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்தது. வயதானதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏர் பிரான்ஸ் தன் முதல் ஏ380ஐ வாங்கியதே 2009இல்தான். இவற்றைத் தோற்கடித்தது இன்ஜினின் முன்னால் சுழலும் விசிறி.

காற்றைப் பின்னால் தள்ளினால் விமானம் முன்னால் போகும். இது பள்ளியில் படித்ததுதான். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் இன்ஜின் நொடிக்கு 100 கிலோ காற்றை 200 மீட்டர் வேகத்தில் தள்ளினால் உந்துவிசை 20,000 நியூட்டன். அந்தக் காற்றுக்குக் கொடுத்த ஆற்றல் 20 லட்சம் ஜூல். அதே உந்துவிசையை 200 கிலோ காற்றை 100 மீட்டர் வேகத்தில் தள்ளியும் பெறலாம்; இப்போது ஆற்றல் 10 லட்சம் ஜூல்தான்! வேகம் வர்க்கக் கணக்கில் (இரண்டு மடங்கானால் நான்கு மடங்காக) ஆற்றலைத் தின்கிறது, நிறை அப்படித் தின்பதில்லை. கடலூர் துறைமுகத்தில் கனமான விசைப்படகுக்குப் பெரிய புரொப்பல்லரை மாட்டி மெதுவாகச் சுழற்றுவதும் இதற்காகத்தான்.

ஆகவே நிறையக் காற்றை நிதானமாகத் தள்ள வேண்டும். விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்கு மட்டும் எரியறைக்குப் போகும், மீதி அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். முதல் 747இன் ஜேடி9டி இன்ஜினில் இந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஐந்து. இரண்டு இன்ஜின் போயிங் 777இன் ஜிஇ90இல் ஒன்றுக்கு எட்டு, ஒன்பது. ஜிஇ90-115பியின் விசிறி 3.25 மீட்டர் விட்டம். உந்துவிசை சுமார் 52 டன். ஜேடி9டி கொடுத்தது சுமார் 20 டன். இரண்டரை இன்ஜினின் வேலையை ஒன்றே செய்கிறது.

இன்ஜின் பெரிதானால் இன்னொரு லாபமும் உண்டு. பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டே ஆக வேண்டும். பிளேடு குட்டையாக இருந்தால் அந்த இடைவெளி வழியே கசியும் பங்கு கூடும், நீளமானால் குறையும்.

1960களில் இப்படிச் செய்யாததற்குக் காரணம் உலோகம். பெரிய விசிறியைச் சுழற்றுவது டர்பைன், அதாவது எரிந்த வாயு பாய்ந்து சுழற்றும் சக்கரம். அதற்கு வலு கூட வேண்டுமானால் வாயு இன்னும் சூடாக வேண்டும்; அந்த வெப்பம் டர்பைன் பிளேடு உருகும் வெப்பத்தையே தாண்டும். பிளேடை உள்ளே குடைந்து, நுண்துளைகள் வழியே குளிர்ந்த காற்றைப் படரவிட்டு, ஒற்றைப் படிகமாக வார்த்துத்தான் தாக்குப்பிடிக்க வைக்கிறார்கள். ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் 2021இல் இத்தகைய பிளேடுகளை ஹெலிகாப்டர் இன்ஜினுக்காகச் செய்து கொடுத்தது. இந்த ஆய்வுக்கு அரசு இன்னும் பல மடங்கு பணம் ஒதுக்க வேண்டும். பத்து வருடம் பொறுக்கவும் வேண்டும்.

இனி வாசகரின் பயம். நான்கு இன்ஜின் என்றால் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் இரண்டு மடங்கு. கழற்றிப் பழுதுபார்க்கும் செலவும் அப்படியே. பொதுவான ஆபத்து வந்தால் எண்ணிக்கை உதவாது. 1982 ஜூனில் ஜாவா அருகே எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747இல் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கீழே இறங்கிச் சாம்பலை விட்டு வெளியேறிய பிறகே அவை மீண்டும் ஓடின. விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது.

இரண்டு இன்ஜின் விமானத்தில், ஓடுபாதையில் முடிவு வேகத்தை (அதற்கு மேல் போனால் நிறுத்தாமல் ஏறியே ஆக வேண்டிய வேகம்) தாண்டியபின் ஒன்று நின்றாலும் மற்றது தனியாக மேலே ஏற்றியாக வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் வலுவாகவே செய்யப்படுகிறது. நடுவானில் ஒன்று நின்றால் விமானம் தாழ்ந்த உயரத்துக்கு மெல்ல இறங்கி, அருகிலுள்ள தகுந்த விமான நிலையத்துக்குத் திரும்பும். ஒற்றை இன்ஜினில் எத்தனை நிமிடத் தொலைவுக்குள் அப்படியொரு நிலையம் இருக்க வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு. 1985இல் அந்த வரம்பு 120 நிமிடம். இன்று இரண்டு இன்ஜின் ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. சென்னை–பாரிஸ் பாதையின் பெரும்பகுதி நிலத்தின் மேலேயே போவதால் பெரியப்பாவின் விமானத்துக்கு அவ்வளவு தேவைப்படாது.